திரையின் அளவைக் கூறும் நிரல்: எவ்வளவு நம்பலாம்?

கணிப்பொறித் திரை எத்தனை அங்குலம், ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்கள் என்பவற்றை நொடியில் கூறும் சிறு நிரல்கள் லினக்ஸ் பயில்வோரிடையே கைமாறி வருகின்றன. நாலைந்து வரிகளே கொண்டவை. எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளை தரும் எண்களைப் பொறுக்கியெடுத்து, பிதாகரஸ் தேற்றத்தில் இட்டு, விடையை அச்சிடுகின்றன. கணக்கில் குறையேதும் இல்லை.

ஆனால், இந்நிரல் எதையும் அளப்பதில்லை என்பதை நீங்கள் முதலில் உணர வேண்டும். பெரும்பாலான திரைகளினுள் ஈ.டி.ஐ.டி. என்னும் அட்டவணை ஒன்று பொதிந்துள்ளது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள். திரையை உருவாக்கியவர் அதில் எழுதி வைத்ததையே நிரல் படிக்கிறது. துணிக்கடைச் சீட்டைப் படிப்பது துணியை முழம்போட்டுப் பார்ப்பதாகுமா?

அட்டவணையில் அளவு இரண்டு இடங்களில் உண்டு. ஓரிடத்தில் முழுச் சென்டிமீட்டரில், மற்றோரிடத்தில் மில்லிமீட்டரில். 15.6 அங்குலம் என விற்கப்படும், 1920 × 1080 பிக்சல்கள் கொண்ட மடிக்கணிப்பொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மில்லிமீட்டரில் 344 × 193. மூலைவிட்டம் 15.53 அங்குலம், அடர்த்தி 141.8. சென்டிமீட்டரில் 34 × 19 எனக் கொண்டால் மூலைவிட்டம் 15.33 ஆகிறது. அடர்த்தியோ கிடையாக 143.4, நெடுக்காக 144.4. சதுரப் பிக்சல் செவ்வகமாகிவிட்டது! இரண்டே இலக்கம் கையில் வைத்துக்கொண்டு 143.44 என்று அச்சிடும் துணிவை ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் கண்டால் நான் சிவப்பு மையால் சுழிப்பேன்.

சில தொலைக்காட்சிகள் உண்மை அளவுக்குப் பதில் 160 × 90 என்று தருகின்றன. அது வெறும் 16:9 விகிதம். நிரல் அதை நம்பி, சுவரளவு திரையை ஏழங்குலம் என்கிறது. படவீழ்த்தியில் பூச்சியம் வரலாம், வகுத்தல் நின்றுவிடும். பயனர் பிக்சல் எண்ணிக்கையைக் குறைத்து வைத்திருந்தாலும் அடர்த்தி பிழைபடும். எக்ஸ்டிபிஇன்ஃபோ என்னும் கட்டளையை நாடுவோர்க்குப் பெரும்பாலும் எந்தத் திரைக்கும் 96 என்ற ஒரே விடைதான் கிட்டும்.

எழுத்தின் அளவைத் தீர்மானிக்க இவ்விடை போதும். திரையில் அளவுகோல் வரைந்து, அதைக்கொண்டு வில்லையின் பிம்பத்தை அளக்க முனையும் மாணவர்க்குப் போதாது. சென்டிமீட்டர் எண்ணால் வரும் 1.2 விழுக்காட்டுப் பிழை குவியத்தூரம் வரை தொடரும்.

எஃகு அளவுகோலால் ஒளிரும் பகுதியின் அகலத்தை மில்லிமீட்டரில் அளவிடுங்கள். ஒரு மி.மீ. தவறினாலும் பிழை 0.3 விழுக்காடே. நிரல் எழுதுவோர் அந்த எண்ணைப் பயனரிடம் கேட்டு வாங்க ஒரு வரி சேர்க்கலாம். அட்டவணையின் எண்ணோடு அது முரண்பட்டால் இரண்டையும் அருகருகே காட்டலாம்.