கோசாம்பியின் தூரச் சமன்பாடு: ஒரு மதிப்பீடு

கல்முனையிலிருந்து நிந்தவூருக்குள்ள தூரத்தையும் நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்றுக்குள்ள தூரத்தையும் கூட்டினால் முழு வழித்தூரம் கிடைக்கும். கூட்டத்தக்கதாய் இருத்தலே தூரத்தின் இலக்கணம். நிறமூர்த்தத்திலே பரம்பரையலகுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை மீள்சேர்க்கை நூற்றுவீதத்தால் அளக்கும் முறை இவ்விலக்கணத்துக்கு அமையுமா என்பது ஆராயற்பாலது.

1913ஆம் ஆண்டிற் பழ ஈயின் முதற் பரம்பரைப் படத்தை வெளியிட்ட ஸ்டர்ட்டவன்ட், நூற்றுக்கு ஒரு மீள்சேர்க்கையை ஓரலகுத் தூரமெனக் கொண்டார். அண்மைக்கு இது பொருந்தும், சேய்மைக்குப் பொருந்தாது. ஆற்றை இருமுறை கடந்தவன் புறப்பட்ட கரையிலேயே நிற்பான். அவனை அங்குக் காண்போர் அவன் கடக்கவேயில்லை என்பர். அவ்வாறே, ஈரிடங்களுக்கிடையே இருமுறை நிகழும் குறுக்குப் பரிமாற்றம் மீள்சேர்க்கையாய்த் தோன்றாது மறையும். ஆதலின் தூரம் எவ்வளவு பெருகினும் மீள்சேர்க்கை 50 வீதத்தைத் தாண்டுவதில்லை.

மறைந்தவற்றைக் கணித்து மீட்கும் சூத்திரத்தை ஹோல்டேன் 1919இல் வகுத்தார். ஒரு பரிமாற்றம் மற்றொன்றைத் தடுப்பதில்லை என்பது அதன் அடிப்படை. ஆயின் அண்மையில் நிகழும் பரிமாற்றங்கள் ஒன்றையொன்று தடுத்தலைப் பழ ஈச் சோதனைகள் முன்னரே காட்டியிருந்தன. இக்குறையைக் களைய முற்பட்டவர், புனே பெர்குசன் கல்லூரியிற் கணிதம் கற்பித்த தாமோதர் தர்மானந்த கோசாம்பி. தடை அண்மையில் மிகும், சேய்மையில் தேயும் எனக் கொண்டு அவர் 1944இல் தம் சமன்பாட்டை வெளியிட்டார்.

இரண்டின் வேறுபாடு சிறிதன்று. அடுத்தடுத்த இரு பகுதிகளில் மீள்சேர்க்கை 20 வீதம் வீதம் என்க. முழுப்பகுதிக்கு நேர்க்கூட்டல் 40 என்னும். ஹோல்டேன் முறை 32 என்னும். கோசாம்பி முறை ஏறத்தாழ 34.5 என்னும். மீள்சேர்க்கை 10 வீதமாயின், தூரம் ஹோல்டேன் வழியில் 11.2 சென்ரிமோர்கன், கோசாம்பி வழியில் 10.1. அதுவே 30 வீதமாயின் முறையே 45.8, 34.7 ஆகும்.

கோசாம்பியின் சிறப்பு சுருக்கமும் எளிமையுமாம். நெற்பயிரின் பரம்பரைப் படங்கள் பலவற்றில் இச்சமன்பாடு இன்றும் கையாளப்படுகின்றது. எனினும் அவர் கொண்ட தடையின் அளவு, கலத்தின் இயக்கத்திலிருந்து பெறப்பட்டதன்று. கணக்குக்கு இசையத் தெரிந்தெடுக்கப்பட்டது. சில பங்கசுகளில் அத்தடை இல்லை. அவற்றுக்கு ஹோல்டேன் சூத்திரமே ஏற்புடைத்து. உயிரினத்தை நோக்காது சூத்திரத்தை வழங்குதல் வகுத்தோர் குற்றமன்று, வழங்குவோர் குற்றமே.

மீள்சேர்க்கை நூற்றுவீதமே தூரம் என்று மாணவர்க்குக் கற்பித்தல் பின்னும் பெரும் பிழை. முன்னையது எண்ணிக் காண்பது. பின்னையது கருதி உணர்வது. எக்கருத்தின் வழி உணர்ந்தது என்பதை உடன் கூறாத எண், தூரமெனும் பெயருக்கு உரியதாகாது.