டாக்டர் வரும்வரை

பி.எச். டேனியலின் 'ரெட் டீ' 1969இல் வந்தது, தமிழில் இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு'. காந்தலில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். கொழுந்து பறித்தே ஓய்வுபெற்றவர். "அந்த டாக்டர் வராட்டி எல்லாம் அப்படியே கெடந்திருக்குமா?" என்றார்.

அட்டைக்கடி, கங்காணி கடன், நோய்ச்சாவு: எஸ்டேட் மருத்துவரான டேனியல் எழுதியதில் பொய்யில்லை. ஆனால் மாற்றம் படித்த ஆணோடுதான் மலையேறுகிறது. வள்ளி பாடுபடுகிறாள், யோசிக்கும் வேலை அவளுக்கு இல்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் யோசித்தது வள்ளிகள்தான். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியதும், சந்தா கட்டிய தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களையே அண்டவிடாமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். பழைய 20 சதவீதத்துக்கு ஈடான தொகை கைக்கு வந்தது. பெம்பிளை ஒருமை பிறந்தது. பிறகு அது பிளவுபட்டபோது, 'பொம்பளைங்க தலைமை இவ்வளவுதான்' என்று பேசக் கேட்டிருக்கிறேன். உடையாத ஆண் சங்கம் எது? பொறுப்பே கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, முதல் தடுமாற்றத்துக்கு மதிப்பெண் போடுகிறோம்.

மூணாறு கதையை அக்காவிடம் சொன்னேன். போனஸைப் பற்றி அவர் கேட்கவில்லை. "மொத நாள் யார் வூட்ல கூடினாங்க? புள்ளைங்கள யார் பாத்துக்கிட்டா?"

நான் படித்த செய்திகளில் அது இல்லை.