அதிரும் ஹெட்செட்

அதிரும் ஹெட்செட்டின் காதுக்கிண்ணத்துள் இருக்கும் அதிர்வுக் கருவி தாழ்ந்த ஒலிகளைத் தோலுக்கும் எலும்புக்கும் கடத்துகிறது. 2018இல் வெளிவந்த ரேசர் நாரி அல்டிமேட் இவ்வகை. ஆரையம்பதியைத் தொட்டுக்கிடக்கும் மட்டக்களப்பு வாவியில், ஒலியைத் திடப்பொருள் வழியே கேட்கும் இந்த வழி பழகியதுதான். பூரணை இரவில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்து அழுத்துவார்கள். ‘பாடும் மீன்’ எழுப்புவதாகச் சொல்லப்படும் ஓசை மரத்தின் வழியே ஏறிவரும். நீரொலியின் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே நேரே காற்றுக்குக் கடக்கும். அதனால்தான் அங்கே துடுப்பு தேவைப்படுகிறது.

ஹெட்செட்டில் அந்தத் தேவை இல்லை. ஒலி ஏற்கெனவே காதருகில்தான் இருக்கிறது. ஆனாலும் வீடியோ விளையாட்டின் வெடியோசைக்கும் எஞ்சின் உறுமலுக்கும் அதிர்வு தரும் கனம் மெய்யான இன்பம். எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்று செவிகொடுக்கும் ஆட்டத்தில் அதைக் குறைத்துவைப்பதே நல்லது. செவிப்புலன் குன்றியவருக்கோ அது விளையாட்டுக்குள் நுழையும் இன்னொரு வாசல்.