அடுத்த கைக்கு இடம் விட்ட நிரல்

உலகத்து இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. இந்தக் கணக்கைச் சொல்லி அதைப் புகழ்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதன் மேல் உள்ள பிரியத்துக்குக் காரணம் வேறு. எழுதத் தெரிந்த, ஆனால் நிரல் தெரியாத ஒருவர் இதில் ஒரு தளம் தொடங்குகிறார் என்று வையுங்கள். மெல்ல மெல்ல உள்ளே போகப் போக, ஒவ்வொரு அடுக்கிலும் தன்னைப் போல் பின்னால் வரும் ஆளுக்காக யாரோ முன்யோசனையோடு இடம் விட்டுவைத்திருப்பது அவருக்குத் தெரியவரும். ஒரு மென்பொருளை ரசிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

வேர்ட்பிரஸ் பிறந்ததே அப்படி விட்ட இடத்தில்தான். பிரான்ஸைச் சேர்ந்த மிஷல் வால்ட்ரீகி 2001-இல் ‘பி2’ என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதினார். பிறகு ஒரு கட்டத்தில் அவரிடமிருந்து பேச்சுமூச்சில்லை. ஆனால் நிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டிருந்தார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதை வெளியிட்டால் அதே உரிமையோடு வெளியிட வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த 19 வயது மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலும் அதை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27 அன்று முதல் பதிப்பான 0.7 வந்தது. முல்லன்வெக் சாக்ஸபோன் வாசிப்பவர். 1.0-இலிருந்து பெரிய பதிப்புகளுக்கு ஜாஸ் கலைஞர்களின் பெயர்களைச் சூட்டுவது வழக்கமாயிற்று. 2004-இல் வந்த ‘மிங்கஸ்’, புது வசதிகளைச் சேர்க்கும் பிளகின்களுக்கு வழி திறந்தது. 2005-இல் வந்த ‘ஸ்ட்ரேஹார்ன்’, தளத்தின் தோற்றத்தை வடிவமைக்கும் தீம்களுக்கு. மற்றவர்கள் உள்ளே வந்து வேலை செய்ய இந்த இரண்டு வாசல்கள் போதுமானவையாக இருந்தன.

உள்கட்டமைப்பின் சிக்கனம்தான் முதலில் ரசிக்க வேண்டியது. டேட்டாபேஸைத் திறந்தால், பதிவு, நிலையான பக்கம், ஏற்றிய படத்தின் விவரம், மெனுவின் ஒவ்வொரு வரி, பழைய திருத்தங்கள் எல்லாம் ‘போஸ்ட்ஸ்’ என்ற ஒரே அட்டவணையில் இருக்கும். எது என்ன ரகம் என்று சொல்ல ஒரே ஒரு கட்டம். 2010-இல் 3.0 வந்தபோது, யார் வேண்டுமானாலும் தங்களுக்கென்று புது ரகங்களைச் சுலபமாகச் சேர்க்க முடிந்தது. நூலகத்துக்கு ‘நூல்’, உணவகத்துக்கு ‘பதார்த்தம்’. அட்டவணை அதேதான்.

அடுத்தது ஹூக். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிரல் ஓடும் வழியில் நூற்றுக்கணக்கான இடங்களில் வேர்ட்பிரஸ் ஒரு கணம் நின்று, ‘இங்கே யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டுமா?’ என்று கேட்கிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவது ஆக்‌ஷன். கையில் கொடுத்ததை மாற்றித் திருப்பித் தருவது ஃபில்டர். நீங்கள் கீபோர்டில் நேர்க்கோடாகத் தட்டும் மேற்கோள் குறி, வாசகரின் திரையில் அழகாக வளைந்து நிற்கும். டேட்டாபேஸில் பார்த்தால் நீங்கள் தட்டிய நேர்க்குறியே மாறாமல் இருக்கும். பக்கம் வாசகருக்குப் போகும் வழியில் ஒரு ஃபில்டர் அதை வளைத்துவிடுகிறது. அந்த அலங்காரம் வேண்டாம் என்றால் ஒரு வரியில் நீக்கலாம், மூலத்துக்குச் சேதமில்லை. கீர்த்தனையின் சாகித்யத்தை மாற்றாமல் அதன் ஒரு வரியில் நிரவல் செய்கிற பாடகரின் ஒழுக்கம் இதில் இருக்கிறது.

தீம்களிலும் இதே குணம். ‘சமையல்’ என்ற வகையின் பக்கத்தை ஒருவர் திறந்தால், அந்த வகைக்கென்றே எழுதிய கோப்பு தீமில் இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் முதலில் தேடும். இல்லாவிட்டால் எல்லா வகைகளுக்கும் பொதுவான ‘கேட்டகரி’ கோப்பு. அதுவும் இல்லாவிட்டால் ‘ஆர்க்கைவ்’. எதுவுமே இல்லாவிட்டால் ‘இண்டெக்ஸ்’. இதனால் கற்றுக்கொள்பவர் முழுத் தீமையும் எழுதிமுடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய பாணித் தீமுக்கு ‘இண்டெக்ஸ்’, ‘ஸ்டைல்’ என்ற இரண்டு கோப்புகள் போதும். தளம் அன்றே நிற்கும். எந்தப் பக்கம் தனி அழகு கேட்கிறதோ அதற்குப் பிறகு ஒரு கோப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுபவர்கள் ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பதிவின் முகவரித் துண்டுக்கு டேட்டாபேஸில் 200 எழுத்துகளே இடம். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்; முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரிகிறது. ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘தமிழ்’ என்ற சின்னச் சொல்லே 45 எழுத்துகளை விழுங்கிவிடும். 22 குறிகளைத் தாண்டிய தலைப்பு முகவரியில் பாதியிலேயே அறுந்துபோகும். குறுகிய முகவரியை நாமே தட்டிக்கொள்வது எளிய வழி. ஆனால் தலைப்பை முகவரியாக்கும் வேலையும் ஒரு ஃபில்டர் வழியாகவே நடக்கிறது. அதனால் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்துக்கு மாற்றும் பிளகின் ஒன்றை யாரும் எழுதிவிடலாம். ஆங்கிலத்தை மனதில் வைத்துக் கட்டிய இடத்திலும் நமக்கு ஒரு கதவு இருக்கிறது.

2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த, பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாக்காக வைக்கும் பிளாக் எடிட்டரைப் பலர் விரும்பவில்லை. பழைய எடிட்டரே போதும் என்றவர்களுக்கு அதற்கென ஒரு பிளகினும் வந்தது. எனக்கு அந்த எடிட்டரில் பிடித்தது அது சேமிக்கும் விதம். எந்தப் பத்தி எந்த பிளாக் என்ற குறிப்பை, உலாவி கண்டுகொள்ளாத எச்டிஎம்எல் கமெண்ட்டாக உரைக்கு நடுவிலேயே எழுதிவைக்கிறது. நாளைக்கே எடிட்டரைத் தூக்கிப்போட்டாலும் பத்தியும் தலைப்பும் படமும் படிக்கிற நிலையில் மிஞ்சும். எழுதியவரின் உரையைத் தன்னிடம் சிறைவைக்காத கருவியை மதிக்கத் தோன்றுகிறது.

தளத்தைப் பராமரிப்பதும் எது எங்கே இருக்கிறது என்ற பிரிவினையைப் புரிந்துகொள்வதுதான். சொற்கள் டேட்டாபேஸில், படங்களும் தீமும் பிளகின்களும் ‘கன்டென்ட்’ ஃபோல்டரில். இரண்டையும் எடுத்தால்தான் அது பேக்கப். வாங்கிய தீமின் கோப்பில் நேரடியாகக் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் அழிந்துவிடும். அதைச் சார்ந்து தனியாக அமைக்கும் சைல்டு தீமில் எழுதினால் தாய்த் தீம் புதுப்பிக்கப்படும்போதும் நம் வேலை தங்கும். 2013-இல் வந்த 3.7 முதல் சின்னச் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே இறங்கிவிடுகின்றன. பிளகின்களை அளவாக வைத்துக்கொண்டு, பயன்படாததை நீக்குவது நம் பொறுப்பு.

கற்க விரும்புபவருக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கணினியிலேயே வேர்ட்பிரஸ்ஸை நிறுவி, நெடுங்காலமாக அதோடு கூடவே வரும் ‘ஹலோ டாலி’ பிளகினைத் திறந்து படியுங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டின் ஒரு வரியை டாஷ்போர்டின் மூலையில் காட்டுவது மட்டுமே அதன் வேலை. அதில் உங்களுக்குப் பிடித்த வரிகளைப் போட்டுப் பாருங்கள். பிறகு அதைத் திரையில் கொண்டுவரும் ஹூக்கைத் தேடிப் பிடியுங்கள். வூகாமர்ஸ் போன்ற பெரிய கடை பிளகின்கள் நிற்பதும் இதே ஹூக்குகளின் மேல்தான். அந்தச் சின்னக் கோப்பைப் புரிந்துகொண்டவருக்குப் பெரிய பிளகின்களின் உள்ளேயும் வழி தெரிந்துவிடும்.