திரை காட்டாத உடன்பிறப்பு

ஆட்டிசத்தை அரபியர் 'தவஹ்ஹுத்' என்பர். 'வாஹித்' எனும் சொல்லின் வேரே இதற்கும் வேர். தனித்திருத்தல் என்பது கருத்து. தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' மதியைப் பழிக்கிறது. ஆதலின் அரபுச் சொல்லே நமக்கு உவப்பானது. ஆயினும் ஐந்தாறு பேர் ஓர் அறையில் உறங்கும் இராயபுரத்து வீட்டில் எந்தப் பிள்ளையும் தனித்திருப்பதில்லை. பக்கத்தில் அக்காளோ தம்பியோ உண்டு. அந்தப் பக்கத்துப் பிள்ளையைத் திரைப்படங்கள் கண்டனவா?

1988இல் வெளிவந்த 'ரெயின் மேன்' அண்ணன் தம்பி கதைதான். ஆனால் தந்தை இறந்த பின்னரே தனக்கோர் அண்ணன் இருப்பதைத் தம்பி அறிகிறான். சேர்ந்து வளரும் வாழ்வு அங்கே இல்லை. குமரவேலனின் 'ஹரிதாஸ்' (2013) ஆட்டிசத்தை நேர்மையாக அணுகிய தமிழ்ப்படம். அதிலோ தந்தையும் மகனுமே உண்டு.

உடன்பிறந்தோருக்கு மெய்யாகவே இடமளித்தது மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990). அக்குழந்தைக்கு உள்ளது ஆட்டிசமன்று, மனவளர்ச்சிக் குறைபாடு. எனினும் நம் பொருளுக்கு அண்மையில் நிற்பது அதுவே. பிறந்த குழந்தை இறந்துவிட்டதாகத் தந்தை தாயிடமே மறைக்கிறார். பின்னர் வீடு வரும் தங்கையை அர்ஜுனும் அனுவும் முதலில் வெறுக்கின்றனர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ஏளனத்தால் குன்றுகின்றனர். பாசம் வெட்கத்தைக் கடந்துதான் வரும் என்று படம் ஒப்புக்கொள்கிறது. அத்துணிவு பெரிது. மூன்று சிறார்க்கும் தேசிய விருது கிடைத்தது தகும்.

முடிவில்தான் நாம் முரண்படுகிறோம். அஞ்சலி இறந்துவிடுகிறாள். கண்ணீர் பெருகுகிறது; அர்ஜுனின் கடமையும் அத்தோடு தீர்ந்துவிடுகிறது! துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடையே ஓடும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் கேட்டதும் தம்பியின் காதுகளைப் பொத்த எட்டு வயதில் கற்றவள், நாற்பதிலும் அதைச் செய்துகொண்டிருப்பாள். அவளைப் பெண் பார்க்க வரும் நாளில் தம்பியைத் திருவொற்றியூர் மாமி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர், அஞ்சலியின் தந்தை செய்ததையே செய்கின்றனர். அம்மறைப்பில் அவளும் பங்காளியாக்கப்படுகிறாள். வாப்பாவும் உம்மாவும் போன பின் அவன் எவர் வீட்டில் இருப்பான்? புகுந்த வீட்டார் இசைவரா? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம் உள்ளோர்க்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். உடன்பிறந்தாளே பொறுப்பேற்கவும் கூடும். அவ்விண்ணப்பத்தில் ஒப்பமிடும்போது அவள் நெஞ்சில் ஓடுவதை எழுத நம்மவரில் ஒரு கதாசிரியர் வேண்டும்.

அக்கதையில் தம்பி இறக்க வேண்டாம். ஹரிதாஸைப் போல ஓட்டக்காரனாகவும் வேண்டாம்.