பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கொல்கத்தாவின் கரியாஹாட் கடைத்தெருவில் ஜாம்தானிப் புடவை எடுக்கத் தெரிந்தவர்கள் முந்தானையின் பகட்டில் மயங்குவதில்லை. புடவையைத் திருப்பி, பூக்களின் பின்பக்கத்தில் வெட்டுப்பட்ட நூல் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். விசைத்தறியா கைத்தறியா என்பது அங்கே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதியெடுக்கும், அதாவது டிஸ்க் இமேஜ் எடுக்கும் மென்பொருளுக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. பேக்கப் வேகம், அழகான திரை, ஒரே பொத்தான் எல்லாம் முந்தானை. டிஸ்க் செத்துப்போன பிறகு, விண்டோஸே எழாத கம்ப்யூட்டரில் அது என்ன செய்கிறது என்பதுதான் பின்பக்கம். ரீஸ்டோரை வைத்துத்தான் இந்த மென்பொருளை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

“டேலி கணக்கு டேட்டாவைத் தினமும் பென் டிரைவில் எடுத்து வைக்கிறோமே, போதாதா?” என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். பாதி நியாயம்தான். கணக்கு திரும்பிவிடும், கடை ஓடாது. விண்டோஸ், பில்லிங் மென்பொருள், பார்கோடு பிரிண்டரின் டிரைவர், லேபிள் அளவு, பில் பிரிண்டர் அமைப்பு என்று ஒவ்வொன்றாக மறுபடி ஏற்ற ஒரு நாள் போய்விடும். துர்கா பூஜைக்கு முந்தைய வாரத்தில் கரியாஹாட்டில் ஒரு நாள் என்பது சின்ன விஷயமில்லை. டிஸ்க் இமேஜ் இத்தனையையும் இருந்தது இருந்தபடி திருப்பித் தருகிறது.

இதில் ரசிக்க வேண்டிய கைத்திறனும் இருக்கிறது. தைவானின் உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்ஸில்லா, டிஸ்கில் நிரம்பிய இடங்களை மட்டும் படித்துச் சுருக்கி எழுதும். 512 ஜிபி டிஸ்கில் 100 ஜிபிதான் நிரம்பியிருந்தால் இமேஜும் அதற்கு மேல் போகாது. விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் பூட்டிய டிஸ்காக இருந்தால் எது நிரம்பியது, எது காலி என்று அதற்குத் தெரியாது; முழு 512 ஜிபியையும் சுமந்து வரும். குளோன்ஸில்லா ஓடும்போது கம்ப்யூட்டரில் வேறு வேலை நடக்காது என்பதும் உண்மை. விண்டோஸுக்குள்ளிருந்தே ஓடும் மென்பொருள்கள், ஒரு நொடியில் டிஸ்க் இருந்த நிலையை உறையவைத்து அதைப் பிரதி எடுக்கின்றன. அப்போது பில் போடுவது நிற்காது. வீமின் இலவச ஏஜென்ட் அந்த வகை. பகலெல்லாம் ஓயாத கடைக்கு அதுதான் பொருத்தம்.

குளோன்ஸில்லாவின் நீலத் திரை பயமுறுத்துகிறது, டிஸ்க் பெயரை மாற்றித் தொட்டால் நல்லதும் அழிந்துவிடும் என்பார்கள். மறுக்க முடியாது. பழக்கமில்லாதவர்கள் அதே இமேஜ்களைப் படிக்கும் ரெஸ்க்யூஸில்லாவை எடுத்துக்கொள்ளலாம்; மவுஸால் வேலை முடியும். ஆனாலும் திறந்த மூல மென்பொருள்களான இவற்றின் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் ஆயுள். நியூசிலாந்தில் பிறந்து உலகமெங்கும் புழங்கிய இமேஜ் மென்பொருளான கோஸ்ட், நார்ட்டன் பெயரில் 2013-இல் விற்பனையிலிருந்து போனது. மேக்ரியத்தின் இலவசப் பதிப்பும் 2024 தொடக்கத்தோடு ஓய்ந்தது. இமேஜ் என்பது வருஷக்கணக்கில் கிடக்கும் பொருள். அதைத் திறக்கிற சாவி ஒரே கம்பெனியின் கையில் இருப்பது நல்லதல்ல.

2019 ஜனவரி 20 அதிகாலையில் கரியாஹாட் நாற்சந்தியிலுள்ள பல மாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. ட்ரேடர்ஸ் அசெம்ப்ளி என்ற பேர்பெற்ற புடவைக் கடை அதில் எரிந்தது. கல்லாப்பெட்டிக்குள் வைத்த இமேஜ் அப்படியொரு இரவில் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே போகும். ஆகவே இரண்டு வெளி டிஸ்க்குகள், மாற்றி மாற்றி. ஒன்று எப்போதும் முதலாளியின் வீட்டில். கழற்றி வைத்த டிஸ்கை ரான்சம்வேரும் தொட முடியாது. கிளவுட் இருக்கிறதே என்றால், டேலி டேட்டாவுக்கு அது சரி. 100 ஜிபி இமேஜை அவசரத்தில் இறக்கிக்கொண்டிருக்க முடியாது.

எந்த மென்பொருளையும் வாங்குவதற்கு முன்னாலேயே, வியாபாரம் மந்தமான ஒரு நாளில், ஒத்திகை பாருங்கள். பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு புது எஸ்எஸ்டியில் ரீஸ்டோர் செய்யுங்கள். இங்கே ஒரு கண்ணி: 512 ஜிபி டிஸ்கின் இமேஜ் 500 ஜிபி டிஸ்கில் ஏறாது என்று குளோன்ஸில்லா அடம்பிடிக்கும், உள்ளே பாதி காலியாக இருந்தாலும். விண்டோஸ் எழுந்ததும் கடைசி பில் எண்ணைச் சரிபாருங்கள், பார்கோடு லேபிள் ஒன்றை அச்சடியுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவி கேட்கக்கூடும். அது அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தால் ஒத்திகை அங்கேயே நின்றுவிடும்.