கூப்பிடுகிற கை

சத்யஜித் ரே 1976-ல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில், கடற்கரையில் நின்று ஆடுகிறார் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. பின்னால் அலைகள், புடவையை விடாமல் பிடித்து இழுக்கிற காற்று. பாட்டு வியாசராயருடைய ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’. கண்ணா, சீக்கிரம் வா என்பதற்கு மேல் பல்லவியில் பொருள் கிடையாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு தாயின் மனசு முழுவதையும் நமக்குக் காட்டிவிடுகிறார் பாலா.

எப்படி என்றுதான் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது. வரி மாறுவதில்லை, கூப்பிடுவது மாறுகிறது. கொஞ்சிக் கூப்பிடுகிற கையும் செல்லக் கோபத்தோடு கூப்பிடுகிற கையும் ஒன்றல்ல. விரல்கள் மடங்குகிற வேகம், தோள் சாய்கிற அளவு, கண் எவ்வளவு தாழ்ந்து பார்க்கிறது என்பதெல்லாம் வேறாகிவிடும். பார்வை விழுகிற உயரத்தை வைத்தே பிள்ளை எங்கே நிற்கிறான், எவ்வளவு வளர்த்தி என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இல்லாத குழந்தையை அந்த இடத்தில் நிறுத்துவது அந்தப் பார்வைதான்.

இதில் எதுவும் மிகையில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சோகம் என்றால் உதடு துடிக்க வேண்டும், வியப்பு என்றால் விழி பிதுங்க வேண்டும் என்று ஆடுகிறவர்கள் உண்டு. அங்கே ஆடுபவருக்கு உணர்ச்சி வந்திருப்பது தெரிகிறது, நமக்கு வருவதில்லை. ஆடுபவர் காட்டுவது பாவம், பார்ப்பவருக்குள் ஊறுவது ரசம். இரண்டுக்கும் நடுவே ரசிகன் நிரப்பிக்கொள்ளக் கொஞ்சம் இடம் வேண்டும். பாலா அந்த இடத்தை விட்டு வைக்கிறார்.

இந்த அடக்கம் வீட்டிலிருந்து வந்தது. பாட்டி வீணை தனம்மாளின் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்காருவார்கள். மெல்லிய நாதம், காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். தாய் ஜெயம்மாள் மகளின் ஆட்டத்துக்குப் பாடினார். பாலாவும் ஆடிக்கொண்டே பாடுவார். சங்கதி ஒன்று நீண்டு இறங்கும்போது அவருடைய கையும் அதே நீளத்தில் இறங்கும். ராகத்திலேயே இருக்கிற ஏக்கத்தை உடம்பு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இசை ஞானம் இல்லாமல் முகபாவத்தை மட்டும் பயின்றவர்களிடம் இது வராது என்றே நினைக்கிறேன்.

1975-ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பேசியபோது பரதநாட்டியக் கச்சேரியை ஒரு கோயிலாக வர்ணித்தார் பாலா. அலாரிப்பு கோபுரம், மண்டபங்களைக் கடந்து போனால் பதம்தான் கருவறை. ஜதியின் ஆர்ப்பாட்டம் ஓய்ந்து, மிருதங்கம் தணிந்து, விளம்ப காலத்தில் பாட்டு நகர்கிற இடம் அது. நாயகன் வரவில்லை என்ற ஒரே சேதியைச் சந்தேகமாக, அவமானமாக, பிறகு அவனுக்காகத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிற பேதைமையாக விரித்துக்கொண்டு போகச் சஞ்சாரிக்கு அங்கே அவகாசம் இருக்கிறது. சிருங்காரத்தைக் கொச்சை என்று ஒதுக்கப் பார்த்த காலத்தில், அதில் ஒதுக்க எதுவுமில்லை என்று அவர் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

1962-ல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவிலும், அடுத்த ஆண்டு எடின்பரோவிலும் ஆடினார். பாஷை தெரியாத ஊர்களில் எப்படி எடுபட்டது என்று வியப்பவர்கள் சென்னையை மறந்துவிடுகிறார்கள். அவர் ஆடிய க்ஷேத்ரக்ஞர் பதங்கள் தெலுங்கு. இங்கே சபாவில் உட்கார்ந்து உருகியவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தெலுங்கு வரிக்கு வரி விளங்கியிருக்கும்?

ரே படமெடுத்தபோது பாலாவுக்கு 58 வயது. அவருடைய இளமைக் கால ஆட்டம் இப்படி முழுதாகப் படத்தில் பதிவாகாமல் போனது பெரிய நஷ்டம். இருந்தாலும் அந்த வயதில், அந்தக் காற்றில், முந்தானை அலைபாய்வதைப் பொருட்படுத்தாமல் அவர் பிள்ளையைக் கூப்பிடுகிறார். படத்தைப் பார்க்கிறவர்கள் ஒருமுறை கையை விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் கவனியுங்கள். அழைப்பு முதலில் அங்கேதான் தொடங்குகிறது. கை பிறகுதான் எழுகிறது.